வார இறுதியில் புயல் எச்சரிக்கை: தமிழகக் கடலோரத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கதை வழக்கமானதுதான். வாரத்தின் நடுவில் 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று ஒரு வரிச் செய்தி வரும். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஒரு பெயரும், அம்புக்குறி போட்ட வரைபடமும், வாட்ஸப்பில் நூறு வதந்தியும் சேர்ந்துவிடும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும் ஒரு சனிக்கிழமைதான், நவம்பர் 30. அலுவலகங்கள் பாதி மூடியிருக்கும், ஊருக்குப் போனவர்கள் வழியில் இருப்பார்கள், விடுமுறைக்கு வந்தவர்கள் கடற்கரையில் நிற்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள் இவை.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல்: என்ன வித்தியாசம்?

காற்றின் வேகம், அவ்வளவுதான். சுழற்சியில் காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். பெயர் சூட்டுவது அப்போதுதான். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், அதற்கு மேலும் 166, 221 என்று படிகள் உண்டு.

இந்த ஏணியில் மழைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் என்ற பட்டம் கிடையாது, பெயரும் கிடையாது. 'வெறும் தாழ்வு மண்டலம்தானே, வலுவிழந்துவிட்டதாமே' என்று யாராவது சொன்னால், காற்று வலுவிழந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்றால்?

மஞ்சள்: கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: செயலில் இறங்குங்கள். மழையைப் பொறுத்தவரை 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. என்றால் மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். சனிக்கிழமை இரவு கொட்டிய மழை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வருவது இதனால்தான்.

சிவப்பு கொடுத்த மாவட்டத்தில் எல்லாத் தெருவிலும் 20 செ.மீ. கொட்டும் என்று அர்த்தமில்லை. அறிக்கையை முழுதாகப் படித்தால் 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்று இருக்கும். 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதி மழைமானிகளில் கால் பங்கு வரை. உங்கள் தெரு மிச்ச முக்கால் பங்கில் இருந்தால் வெயில்கூட அடிக்கலாம். அப்புறம் 'ரெட் அலர்ட்டாம், துளி மழை இல்லை' என்று கேலி செய்வோம். பத்து கி.மீ. தள்ளி ஒரு ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்த எண்களுக்கு என்ன பொருள்?

அது கப்பல்களுக்கான மொழி. 1, 2: தொலைவில் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது. 3, 4: துறைமுகத்தையே மோசமான வானிலை தொடலாம். 5, 6, 7: புயல் இந்தப் பக்கம் கரையைக் கடக்கப் போகிறது, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 8, 9, 10: அதே மூன்று நிலை, ஆனால் தீவிரப் புயலுக்கு. 11 வந்தால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சுருக்கம்: ஒன்றாம் எண் கூண்டுக்குப் பதற வேண்டாம், ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் அலட்சியம் வேண்டாம்.

எங்கள் ஊரில் கரையைக் கடக்கவில்லையாம். நிம்மதியாக இருக்கலாமா?

எல்லாருக்கும் பிடித்த கேள்வி இது. பதில் பெரும்பாலும் 'இல்லை'. தொலைக்காட்சி வரைபடத்தில் புயல் ஒரு புள்ளி. நிஜத்தில் அது நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம். மையம் எங்கே கடக்கிறது என்பதைவிட, உங்கள் ஊருக்கு எந்த ஆபத்து வருகிறது, காற்றா, மழையா, கடலா என்பதுதான் கேள்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், 5-ஆம் தேதி. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளில் சென்னைக்குக் கிழக்கே கடலில் மெதுவாக நகர்ந்தபடியே அது நகரத்தை மூழ்கடித்துவிட்டது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருந்தவர்களுக்குப் பாபட்லா என்ற பெயரால் எந்தப் பயனும் இல்லை. 2017-இல் ஒக்கி தமிழகக் கரையைக் கடக்கவே இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலிலேயே போனது. அந்த மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன, ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

ஃபெஞ்சல் மூன்றாவது வகை. புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, பிறகு நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. காற்று பெரிய சேதம் செய்யவில்லை. ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. நகரும் புயலைவிட நிற்கும் புயல் மழை விஷயத்தில் மோசம். ஆகவே அறிக்கையில் 'மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்து வருகிறது' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அது காற்றின் வேகம் கிடையாது, புயல் இடம்பெயரும் வேகம். 15, 20 என்று இருந்தால் வந்து போய்விடும். 5-க்குக் கீழே இறங்கினால் மழைக்குத் தயாராக வேண்டும்.

இன்னொன்று, வடக்கா தெற்கா என்பது. நம் கிழக்குக் கரைக்குப் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வரும். காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக, சுற்றுவதால், மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். கடல்நீரையும் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். எனவே மையம் உங்களுக்குக் கொஞ்சம் தெற்கே கடக்கிறது என்றால் அது நல்ல செய்தி ஆகாது.

கணிப்பை ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்?

புயல் தானாக ஓடுவதில்லை. மேலே இருக்கும் காற்றோட்டம் அதைத் தள்ளுகிறது. அந்தக் காற்றோட்டம் பலவீனமாக இருந்தால் தள்ளுவதற்கு ஆளில்லாமல் புயல் தடுமாறும். வடமேற்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்தால் வலு குறையும். கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வேகமாக அடித்தால் மேகக்கூட்டம் மையத்தைவிட்டுப் பிய்ந்து போகும். இவற்றில் ஒன்று கொஞ்சம் மாறினாலும் கடக்கும் நேரம் அரை நாள் தள்ளிப் போகும். ஃபெஞ்சல் புயலாகாமலே கடக்கும் என்றுகூட ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கப்பட்டது. கடைசியில் புயலாகியே கடந்தது.

வரைபடத்தில் கோட்டைச் சுற்றிக் கூம்பு மாதிரி ஒரு நிழல் போட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள், கோட்டை விட்டுவிடுங்கள். மையம் அந்த நிழலுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒன்றிரண்டு நாளுக்கு முந்தைய கணிப்பை நம்பி வேலை செய்யலாம். பத்து நாள் கழித்து வரப்போகும் புயலின் வண்ணப் படத்தை யாராவது அனுப்பினால் ரசித்துவிட்டு அழித்துவிடலாம்.

வெளிநாட்டு இணையதளம் ஒரு வேகம் சொல்கிறது, இந்திய வானிலை ஆய்வு மையம் குறைவாகச் சொல்கிறது. மறைக்கிறார்களா?

இல்லை. நம் மையம் 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரியை. குறைந்த நேரச் சராசரி கூடுதலாகத்தான் வரும். 'இடையிடையே 75 கி.மீ.' என்று அறிக்கையில் வருவது திடீர் வீச்சு. கூரையைத் தூக்குவது அந்த வீச்சுதான்.

மணிக்கு 70 கி.மீ. காற்று என்றால் வீட்டுக்கு என்ன ஆகும்?

காற்று கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும். 60 கி.மீ. காற்று 120 ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். 60, 70 கி.மீ. காற்றில் கான்கிரீட் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கீற்றுக் கொட்டகை போகும், சரியாகக் கட்டாத தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் பறக்கும், விளம்பரப் பலகை விழும், பட்ட கிளை முறியும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து தெருக்களை அடைத்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நுழைந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் தோப்புகளும் அதில் போயின.

மொட்டை மாடியை வெள்ளிக்கிழமையே பாருங்கள். பூந்தொட்டி, பழைய ஓடு, காலியான பிளாஸ்டிக் டிரம் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறக்கும், நிறைந்த தொட்டி அசையாது, கரண்ட் போனாலும் இரண்டு நாளுக்குத் தண்ணீர் இருக்கும்.

அப்புறம், தீவிரமான புயலின் மையம் நேராக உங்கள் ஊர்மேல் வந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும். மழையும் ஓயும். புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே வராதீர்கள். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வரும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாம் பாதியில்தான் விழும்.

கடல் ஊருக்குள் வருமா?

வரும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அது சின்னப் பங்கு. பெரிய பங்கு, காற்று மணிக்கணக்கில் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளுவதால் வருவது. கரையோரக் கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட தண்ணீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைவாக இருந்தால் போக வழியில்லாமல் கரைமேல் ஏறும். பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி தனுஷ்கோடியை அழித்த நீர், ஒரு பயணிகள் ரயிலையே கொண்டுபோனது. வேதாரண்யம், கோடியக்கரை, தொண்டி, இராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் புயல் அலை எச்சரிக்கையை மற்றவர்களைவிடக் கூடுதலாக மதிக்க வேண்டும்.

அறிக்கையில் 'இயல்பைவிட ஒரு மீட்டர் உயரம்' என்று வந்தால், வழக்கமான கடல் ஏற்றத்துக்கு மேல் ஒரு மீட்டர் என்று பொருள். அதன் மேல்தான் அலைகள் தனியாக வரும். ஆகவே கரையைக் கடக்கும் நேரமும் கடல் ஏற்ற நேரமும் ஒன்றாகிறதா என்று பாருங்கள்.

கடல் ஊருக்குள் வராவிட்டாலும் வேறொரு தொல்லை உண்டு. உயர்ந்து நிற்கும் கடல் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு முகத்துவாரங்களை அடைத்துவிடும். ஆற்று நீர் உள்ளே தேங்கும். கடலிலிருந்து பல கி.மீ. தள்ளி இருக்கும் தெருவில் தண்ணீர் வடியாததற்குக் காரணம் சில சமயம் கடல்தான்.

கடல் சீற்றத்தைப் பார்க்கப் போகலாமா? தள்ளி நின்று போட்டோ எடுக்கத்தானே?

வேண்டாம். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. ஐந்து நிமிடம் நடுத்தரமாக வந்துகொண்டிருக்கும், பிறகு பெரிய அலைகள் கூட்டமாக வரும். 'இதுவரை இங்கே வரவில்லை' என்பது அடுத்த அலைக்குத் தெரியாது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் ஏறி நிற்பது எல்லாவற்றையும்விட மோசம்: பாசி வழுக்கும், கல் இடுக்கில் விழுந்தவரைக் கயிறு போட்டுக்கூட இழுக்க முடியாது.

புயலே இல்லாத நாளிலும் இது நடக்கும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த காற்றின் அலை ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்து, வானம் தெளிவாக இருக்கும்போது நம் தென்கரையில் மோதும். கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்ததும் அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். இந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் தருகிறது. சுற்றுலா வந்தவர்கள் வானிலை செயலியில் மேகப் படத்தை மட்டும் பார்க்கிறார்கள்; அதில் வெயில் சிரித்துக்கொண்டிருக்கும்.

மீன்பிடிக்கப் போவதற்குத் தடை எப்போது வரும்?

தாழ்வுப் பகுதி உருவாகும் நிலையிலேயே வந்துவிடும். கரையில் காற்றே இல்லாவிட்டாலும் ஆழ்கடலில் 55 கி.மீ. அடிக்கும். ஒக்கியின் போது பலர் எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடல் போய்விட்டவர்கள், செய்தி எட்டாத தூரத்தில் இருந்தவர்கள். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுக்காரர்கள் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரையும் வி.எச்.எப். ரேடியோ கருவியையும் அணைக்காமல் வைத்திருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

ஃபைபர் படகுகளை மேட்டுக்கு ஏற்றிக் கட்டுங்கள். இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. துறைமுகத்தில் விசைப்படகுகளை நெருக்கமாகக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். இடைவெளி விடுங்கள், டயர் போடுங்கள். புயல் நேரத்தில் படகைப் பார்க்க ஓடாதீர்கள்.

வெளியேறச் சொன்னால் போகத்தான் வேண்டுமா?

தாழ்வான இடம், குடிசை, ஓட்டு வீடு, கடலை ஒட்டிய தெரு என்றால், ஆமாம். பகல் வெளிச்சத்திலேயே போய்விடுங்கள். பாதிப் பேர் போகத் தயங்குவது வீட்டில் இருக்கும் ஆடு மாட்டுக்காகவும் பொருளுக்காகவும்தான். மாட்டை அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், தினமும் சாப்பிடும் மாத்திரை இவை ஒரு பிளாஸ்டிக் பையில் போதும். கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய்விடுவது நல்லது. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

கரண்டை எப்போது அணைக்க வேண்டும்?

தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன். ஸ்விட்ச் போர்டு நனைந்த பிறகு மெயினைத் தொடாதீர்கள். தெருவில் நடக்கும்போது பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), டிரான்ஸ்பார்மர், தெருவிளக்குக் கம்பம் இவற்றிலிருந்து விலகி நடங்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாராவது உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம். மின்வாரியத்துக்கு 94987 94987-இல் சொல்லுங்கள். காற்றில் தப்பித்தவர்கள் மறுநாள் கம்பியில் இறப்பது ஒவ்வொரு புயலிலும் நடக்கிறது. அரசு முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துவது எரிச்சலாக இருக்கும், ஆனால் அது சரியான முடிவு.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய கார் ஷெட்டிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வண்டியை என்ன செய்வது?

மேட்டில் நிறுத்துங்கள். சென்னையில் மழை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், ஒருமுறை தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கான பில்லைப் பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரில் ஓட்டாதீர்கள். ஒரு அடி வேகமான நீர் சிறிய காரை நகர்த்தும். தரைப்பாலம், சுரங்கப்பாதை இரண்டும் அறவே வேண்டாம்.

இராமேஸ்வரம், மகாபலிபுரம் என்று டூர் போட்டுவிட்டோம்.

தள்ளிப்போடுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது விதியாக இருந்தது; 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது, ஆனால் கடல் அதே கடல்தான். தீவில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் அறையில் உட்கார வேண்டியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரமும் மணலும் விழுந்து கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்துவிட்டது. முடிந்ததா?

காற்று முடிந்தது. தண்ணீர் இனிமேல் வரலாம். ஃபெஞ்சல் கரையேறி உள்ளே போய் மலை மாவட்டங்களில் கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வெள்ளம் வந்தது புயல் கடந்து இரண்டு நாள் கழித்து. ஆற்றோரம் இருப்பவர்கள் தங்கள் ஊர் மழையைப் பார்த்தால் போதாது. மேலே இருக்கும் அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடலும் உடனே அடங்காது. தடை நீங்கிய அறிவிப்பு வரும்வரை இறங்க வேண்டாம். வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் பாம்பைத் தேடுங்கள், பிறகு துடைப்பத்தை எடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடாமல் குடிக்காதீர்கள், தண்ணீரைக் காய்ச்சுங்கள். காலில் புண் இருப்பவர்கள் தேங்கிய நீரில் நடந்திருந்தால், காய்ச்சல் வந்ததும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு அந்தத் தகவல் முக்கியம். சேதத்தைச் சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது அது கேட்கப்படும்.

திங்கட்கிழமை ஸ்கூல் லீவா?

மாவட்ட ஆட்சியர் சொல்வார். பெரும்பாலும் ஞாயிறு இரவு, சில சமயம் திங்கள் காலை ஆறரை மணிக்கு, பிள்ளைக்குச் சீருடை மாட்டிய பிறகு.